மாதம் ஒரு பெரியப்பா

1

செத்தவரின் வீட்டைத் தேடி, கையில் ரோஜா மாலையோடு, ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெள்ளகோவிலில் அரை நாள் சுற்றினேன். வீடு கிடைக்கவில்லை. செத்தவரும் கிடைக்கவில்லை. விசாரித்துப் பார்த்ததில் அந்த வாரம் அந்தப் பக்கம் யாருமே சாகவில்லை. இந்தக் கதை பிறந்தது அங்கேதான். மற்றவர்களுக்குக் கதை மழையில் பிறக்கிறது, ரயிலில் பிறக்கிறது. எனக்கு இப்படி.

விளக்கிவிடுகிறேன். அது 2008. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். மீதி நேரத்தில் எழுத்தாளன். (என் மனைவி சித்ராதேவி இதைத் திருப்பிப் போட்டுச் சொல்வாள்.) கம்பெனியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் எழவு விழுந்தாலும் செக்‌ஷன் ஆட்கள் சேர்ந்து போய் மாலை போட்டு வர வேண்டும். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் ஒரு சாக்குச் சொல்லித் தப்பிக்கலாம். எழவுக்குப் போகாவிட்டால் அந்த ஆள் அதற்குப் பிறகு உங்கள் முகம் பார்த்துப் பேச மாட்டார்.

எங்கள் டெய்லர் ராஜாவுக்கு மாதம் ஒரு பெரியப்பா செத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சாவுக்கும் அவனும் அவன் மனைவி மலரும் இரண்டு நாள் லீவு எடுப்பார்கள். மலர் என் செக்‌ஷனில் பனியன் மடிப்பவள். இருவருமே பேசாத ஆட்கள். சொந்த ஊர் வெள்ளகோவில் என்பதைத் தாண்டி அவர்களைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. இத்தனை பெரியப்பாக்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒருவருக்குக்கூட நாம் மாலை போடவில்லையே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மாதப் பெரியப்பா செத்ததும் கம்பெனி வேனைக் கேட்டு வாங்கிவிட்டேன். ராஜாவிடம் சொல்லவில்லை. திடீரென்று போய் நின்றால் மனசு ஆறுதலாக இருக்கும் பாருங்கள்.

வெள்ளகோவிலில் டீக்கடை டீக்கடையாக விசாரித்தேன். ஒரு கடையில் பெரியவர் ஒருவர் தன் மேல் தப்பு இருப்பதுபோல் கைகளைப் பிசைந்தார்.

"நம்மூர்ல யாரும் போகலீங்களே சாமி. போயிருந்தா எனக்குத் தெரியாம இருக்காதுங்க."

வேனில் இருந்த ஒச்சாயி எட்டிப் பார்த்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். வாய்க்குப் பூட்டுப் போடப் பிறந்த ஆள் எவனும் இல்லை என்பாள்.

"ஏன் சார், செத்தவுக பேராச்சும் தெரியுமா?"

"பெரியப்பா."

"யாருக்கு? உங்களுக்கா?"

திரும்பும் வழியில் காங்கேயம் தாண்டி ஓர் ஊரில் பறைச் சத்தம் கேட்டது. எழவுக்கு வாங்கிய மாலையைச் சாமிக்கும் போட முடியாது, குப்பையிலும் போட முடியாது என்று ஒச்சாயி வேனை நிறுத்தச் சொன்னாள். யாரென்றே தெரியாத ஓர் அம்மாவுக்கு மாலை போட்டோம். ஒச்சாயி நிஜமாகவே அழுதாள். அந்த வீட்டுக்காரர்கள் எங்களுக்குக் காப்பி கொடுத்தார்கள். "எந்தூருங்க?" என்று அவர்கள் கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

2

இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய தொடக்கம் வேறு:

"கடல் அவர்களைக் கரையில் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல்

[அடித்துவிட்டேன். நான் பொங்கலூர்க்காரன். பாசன வாய்க்காலுக்குமேல் தண்ணீர் பார்த்துப் பழக்கமில்லாதவன். எனக்கெதற்குக் கடல்?]

இரண்டாவது தொடக்கம்:

"அகதி என்ற சொல்லின் முன்னால் நாம் அனைவரும்

[இதுவும் போயிற்று. 'நாம் அனைவரும்' என்று ஆரம்பிக்கும் ஆளை மைக் முன்னால்தான் நிறுத்த வேண்டும்.]

ஆகவே நேராகவே சொல்கிறேன். ராஜாவும் மலரும் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். மன்னார்ப் பக்கம். முகாமில் பதிவானவர்கள். முகாமைவிட்டு வெளியே தங்க வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். மாதாமாதம் அதிகாரி வந்து உட்கார்ந்து பேர் கூப்பிடுவார். முகாமில் அதற்குச் செக்கிங் என்று பேர். கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். பேர் போனால் உதவித்தொகை போகும். இந்த நாட்டில் இருக்கிறோம் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போகும். அனுமதி வாங்காமல் திருப்பூருக்கு வந்து தைத்துக்கொண்டிருந்தவர்கள், பேர் கூப்பிடும் நாளுக்கு மாதாமாதம் ஓடியாக வேண்டும். அதற்கு ஒரு காரணம் வேண்டும். பெரியப்பாக்கள் செத்தது அதனால்தான்.*

* ஊர்ப்பெயர், ஆள்பெயர், மாதம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். நாங்கள் மாலையோடு சுற்றிய ஊர்கூட வெள்ளகோவில் இல்லை. ஏன் மாற்றினேன் என்பது போகப்போகத் தெரியும். தெரியாவிட்டால் கதை சரியில்லை என்று அர்த்தம்.

3

திங்கட்கிழமை அவர்கள் திரும்பி வந்தபோது கம்பெனி முழுக்க ஒரே சிரிப்பு. மேனேஜர் லிங்கசாமி மட்டும் சிரிக்கவில்லை. ராஜாவைக் கூப்பிட்டு ரேஷன் கார்டு கொண்டுவரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் சந்தின் கடைசியில் இருந்த லைன் வீட்டில்தான் குடியிருந்தார்கள். கூட அவர்கள் மகளும் வந்தாள். அவளைத் தேவிப்பிரியா என்று வைத்துக்கொள்கிறேன். அது அவள் பெயரில்லை. பள்ளியில் கொடுத்திருந்த பெயரும் அவள் பெயரில்லை. ஆக, என்னுடையது மூன்றாவது. ஐந்தாம் வகுப்பு. தினமும் எங்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வருகிறவள். அன்றும் நேராக டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ராஜா அதுவரை என்னை 'சார்' என்று மட்டும்தான் கூப்பிட்டிருந்தான். அன்று எல்லாவற்றையும் சொன்னான், அவன் ஊர்ப் பேச்சில். எந்த முகாம் என்பதைக்கூட மறைக்கவில்லை.

"வெள்ளகோவில்னு ஏம்ப்பா சொன்னே?" என்றேன்.

"பஸ்ஸில போட்டிருந்திச்சு அண்ணை."

"எந்த பஸ்ல?"

"நாங்கள் இஞ்ச வந்து இறங்கேக்க பக்கத்தில நிண்ட பஸ்."

காப்பி கொண்டுவந்த சித்ராதேவி சொன்னாள்: "நல்லவேளைங்க. ஊட்டின்னு போட்டிருந்தா இவரு ஸ்வெட்டர் போட்டுட்டு மாலையோட மலையேறியிருப்பாரு."

மலர் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிப்பு நின்றதும் டிவி பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"எங்களைத் திருப்பி முகாமுக்கு அனுப்பினா அது பரவாயில்லை அக்கா. பிள்ளைதான். அங்க பள்ளிக்கூடத்தில இவளை எல்லாரும் 'ஏய் அகதி' எண்டுதான் கூப்பிட்டவை. ஒருநாள் வீட்டில நான் பேர் சொல்லிக் கூப்பிடுறன், திரும்பிப் பாக்காம இருக்கிறாள். 'அகதி' எண்டு பக்கத்து வீட்டுப் பெடியன் கத்தினான். திரும்பிப் பாத்தாள். அண்டைக்குத்தான் வெளிக்கிட்டனாங்கள். இஞ்ச அவளுக்கு ஒரு பேர் இருக்கு. பொய்ப் பேர்தான். ஆனா பேர்."

சித்ராதேவி டம்ளரைக் கீழே வைத்தாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "காப்பி ஆறுது" என்றேன்.

4

தேவிப்பிரியாவைப் பற்றி எழுதும்போதெல்லாம் பேனா நிற்கிறது. எழுத்தாளனுக்கு ஒரு குழந்தைப் பாத்திரம் கிடைத்தால் என்ன செய்வான்? பெரிய கண்களை வைப்பான். கேள்வி கேட்க வைப்பான். கடைசியில் அழ வைப்பான். இவள் எதற்கும் வசப்படவில்லை. இவள் செய்ததெல்லாம் என்னைக் கிண்டல் செய்தது.

"ஏனுங் மாமா, கதை எழுதறீங்களா, தூங்கறீங்களா?"

"யோசிக்கிறேன் கண்ணு."

"யோசிக்கறப்ப குறட்டை வருமுங்களா?"

என்னைவிட நன்றாகக் கொங்கு பேசினாள். நான் எழுத ஆரம்பித்து வாய்ப்பேச்சைக் கெடுத்துக்கொண்டவன். அவள் 'ஊட்டுக்குப் போகோணுமுங்க' என்று சொன்னால் பொங்கலூரில் என் சித்தி சொல்வதுபோலவே இருக்கும். எந்த ஊர் என்று கேட்டால் வெள்ளகோவில் என்பாள். அப்பாவின் ஊர் கேட்டாலும் அதே. மாதம் இரண்டு நாள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்றால் காய்ச்சல் என்பாள். அப்பாவுக்கு மாதம் ஒரு பெரியப்பா, மகளுக்கு மாதம் ஒரு காய்ச்சல்.

இதெல்லாம் தானாக வந்ததில்லை. வீட்டில் தினமும் பயிற்சி நடந்திருக்கிறது. வீட்டுக்குள்ளும் 'வாங்க, போங்க' பேச்சுதான் பேச வேண்டும் என்று ராஜா சட்டம் போட்டிருந்தான். லைன் வீட்டுச் சுவர் மெல்லிசு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு வயசு வாழ்த்துவார்கள். ஆகவே மலர் தன் மகளோடு தன் பேச்சில் பேச முடியாது.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நிட்டிங் மிஷின் கொட்டகை இருந்தது. மிஷின்கள் ஓடினால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அந்தச் சந்தில் குடியிருந்த எல்லோரும் அந்தச் சத்தத்தைத் திட்டினார்கள். மலர் மட்டும் அதற்காகக் காத்திருந்தாள் என்று சித்ராதேவி பிற்பாடு சொன்னாள். மிஷின் ஓடத் தொடங்கியதும் மகளை மடியில் இழுத்துப் போட்டு, காதருகே வாய் வைத்து, தன் பேச்சில் கதை சொல்வாளாம். தன் ஊர், தன் வீட்டுக் கிணறு, தன் அம்மா மீன் கழுவும் இடம். 'இஞ்ச வாடி என்ர குஞ்சு' என்று கூப்பிடுவாளாம். அந்த வருஷம் எப்போது கரன்ட் போகும் என்று யாருக்கும் தெரியாது. கரன்ட் போகும். மிஷின் நிற்கும். கிணற்றில் வாளி இறங்கிக்கொண்டிருக்கும்போதே கதை நிற்கும். இருட்டில் அம்மாவும் மகளும் கரன்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள்.

(இந்த இடத்தில் ஓர் உவமை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நீங்களே ஒரு நிமிஷம் அந்த இருட்டில் உட்கார்ந்து பாருங்கள்.)

சித்ராதேவியிடம் ஒருமுறை தேவிப்பிரியா கேட்டிருக்கிறாள்: "அத்தை, கரன்ட்டு எப்பங்க வரும்? வாளி இன்னும் கெணத்துக்குள்ளயே இருக்குதுங்க." என்ன வாளி என்று சித்ராதேவிக்கு அப்போது புரியவில்லை.

5

இப்போது எனக்குச் சந்தேகம் வந்திருக்கும் பாத்திரத்தைப் பற்றி. அது நான்தான்.

மூன்றாவது வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: "மேனேஜரின் மேசையை ஓங்கித் தட்டினேன். 'இவர்களை அனுப்பினால் என்னையும்

சித்ராதேவி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இது யாருங்க, மேசையத் தட்டறது?"

"நான்."

"எந்த மேசைய?"

சரி. நடந்ததைச் சொல்கிறேன். லிங்கசாமியின் அறைக்குள் போனேன். மேசையில் டீ இருந்ததால் அதைத் தொடவில்லை.

"தப்பு என்னுதுங்க. ராஜா சொன்ன ஊரு வேறங்க. நான்தான் ஆளுங்களத் தப்பான ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்" என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே மிக மோசமாகச் சொன்னது இதுதான். வியர்த்துவிட்டது.

"அப்படீங்களா."

"அவனுக்கு ரேஷன் கார்டு ஊர்ல இருக்குதுங்க. வர நாளாகுமுங்க."

"சரீங்க."

"வேலைல வெச்சுக்குவீங்கல்லங்க?"

"பாக்கலாங்க."

"அந்தப் பொண்ணுக்கு முழுப் பரீட்சை வருதுங்க. அதுவரைக்குமாவது..."

"பாக்கலாங்க. ஷிப்மென்ட் போகட்டும்."

எங்கள் பக்கத்தில் இந்த 'பாக்கலாங்க'வுக்குள் நுழைந்தவர் திரும்பி வந்ததில்லை. முடியாது என்று சொன்னால் மரியாதைக் குறைவு. முடியும் என்று சொன்னால் செய்ய வேண்டி வரும். நானே இதைச் சொல்லிப் பலரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

லிங்கசாமி கெட்டவரில்லை. போலீஸ் விசாரணை என்று ஒன்று வந்தால் முதலாளி அவர் கழுத்தைத்தான் பிடிப்பார். அவருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவரை வில்லனாக்கினால் கதை சீக்கிரம் முடியும். ஆக்க மனசு வரவில்லை.

நான் வெளியே வந்து ராஜாவிடம் சொன்னேன்: "ஒண்ணும் ஆகாது. பேசிட்டேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். "அவர் என்ன சொன்னவர் அண்ணை?"

"பாக்கலாம்னாரு."

அவன் தலையை ஆட்டிவிட்டு மிஷினுக்குத் திரும்பினான். திருப்பூருக்கு வந்து அவன் எங்கள் பேச்சை முழுதாகக் கற்றுக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டில் பூட்டுத் தொங்கியது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது. மறுநாள் பள்ளியில் கேட்டேன், மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டார்கள் என்றார்கள். எந்த ஊருக்கு என்று கேட்டதற்கு, "சொன்னாங்க, மறந்துபோச்சுங்க" என்றார் வகுப்பாசிரியர்.

பக்கத்து வீட்டில் கேட்டேன். "மங்கலம் பக்கம்னு பேச்சுங்க. இல்லாட்டி வேறெங்காச்சுமுங்க."

ஒச்சாயியிடம் கேட்டேன். "எனக்கென்ன சார் தெரியும்? நீங்கதான் வேனெடுத்துக்கிட்டுத் தேடுறவுக." சொல்லிவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் ஊரில் விட்டுவந்த மகன் இருக்கிறான்.

சித்ராதேவி ஒன்றும் கேட்கவில்லை. டிவி போடுவதை நிறுத்தினாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றால், சொல்லியிருந்தால் நீங்கள் அந்தப் பக்கமாகப் போயிருப்பீர்கள். நானும் போயிருப்பேன். இது அந்தக் கதையில்லை. ஆனால் ஏழு மணியானால் இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: அவர்கள் முகாமுக்குத் திரும்புகிறார்கள். தேவிப்பிரியா அங்கே எல்லோரையும் கொங்குப் பேச்சால் மயக்கி

[சித்ராதேவி: "யாரு மயங்கறது? அங்க அதுக்கென்ன பேரு?"]

முடிவு இரண்டு: படகில் ஆஸ்திரேலியா போகிறார்கள். ஒரு புயலில்

[பயந்துபோய் நிறுத்தினேன். எழுதினால் நடந்துவிடும் என்று தோன்றியது.]

முடிவு மூன்று: இருபது வருஷம் கழித்து ஒரு பெரிய அதிகாரியாக எங்கள் வாசலில் ஜீப்பில் வந்து இறங்குகிறாள். "மாமா, குறட்டை இன்னும் வருதுங்களா?"

இதைப் படித்துவிட்டுச் சித்ராதேவி சமையலறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து சொன்னாள்:

"உங்க முடிவெல்லாம் வேண்டாமுங்க. அது சாப்டுதா, பள்ளிக்கூடம் போகுதா, அத மட்டும் கேட்டுட்டு வாங்க."

7

பேர் கூப்பிடும் நாளில் அவர்கள் எங்கிருந்தாலும் முகாமில் நின்றாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே நிச்சயம் அதுதான். அவர்கள் போய்ச் சில மாதம் கழித்து லீவு போட்டேன். என்ன காரணம் என்று லிங்கசாமி கேட்டார். வாயில் முதலில் வந்தது பெரியப்பா. நல்லவேளை விழுங்கிவிட்டேன்.

முகாமுக்கு வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கம்பி வேலிக்கு அப்பால் வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். வரிசை வளைந்து வளைந்து நின்றது. ராஜா நின்றான். பின்னால் மலர் நின்றாள். தேவிப்பிரியா இல்லை. படிக்கும் பிள்ளைகளுக்கு அனுமதி வாங்கி வெளியே வைக்க வழி உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வாங்கினார்களா, இல்லை அவள் பேரையே அங்கிருந்து போகவிட்டார்களா, எனக்குத் தெரியாது. அவர்கள் முறை வந்தபோது மேசைக்காரர் ஏதோ கேட்டார். மலர் ஏதோ சொன்னாள். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இங்கே எழுதமாட்டேன்.

(வாசகரே, முடிவு வேண்டுமென்றால் இந்த இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த ஊரில் அவளை ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், என்னிடமும்.)

மலர் வெளியே வந்து என்னைக் கண்டுவிட்டாள். ஒரு கணம் திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள்.

"வாங்கோ அண்ணை. எப்ப வந்தனீங்கள்? சாப்பிட்டீங்களே?"

சத்தமாகப் பேசினாள். கம்பெனியில் நான் கேட்டது யாரோ ஒரு பெண்ணின் குரல். இது வேறு, அடிவயிற்றிலிருந்து வந்தது. டீக்கடைக்காரரை அதட்டி எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாள்.

"அக்கா எப்படி இருக்கிறா?"

"டிவி போடறதில்ல."

அவள் கண்ணாடி டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நானும் மாசத்தில ஒருக்காத்தான் பாக்கிறன் அண்ணை. அதுவும் கொஞ்ச நேரம். போன முறை என்ன கதைச்சாலும் 'சரீங்கம்மா, சரீங்கம்மா' எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறாள். நல்லாத்தான் பழகிட்டாள்." கொஞ்சம் சிரித்தாள். "என்ர பேச்சு மறந்திட்டுதோ எண்டு பயமாக் கிடக்கு. மறக்கட்டும் எண்டுதான் நாங்களும் பாடுபட்டனாங்கள். ஆனாலும் பயமாக் கிடக்கு."

"சாப்பிடறாளா?"

"ஓம்."

"பள்ளிக்கூடம்?"

"ஓம். போறாள்."

கேட்கச் சொல்லி அனுப்பியது அவ்வளவுதான். அத்தோடு எழுந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. நான் கதை எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். எல்லாப் பேரையும் மாற்றிவிடுவேன் என்றேன். முடிவு மட்டும் இல்லாமல் நிற்கிறது என்றேன். ஒரு தடவை பார்த்தால் போதும், தூரத்தில் நின்றுகூடப் பார்ப்பேன், சித்ராதேவியைக் கூட்டிவருவேன், எங்களால் அவளுக்கு எந்தத் தொந்தரவும் வராது என்றேன். பேசிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கேட்டேன்:

"எங்கம்மா இருக்கா அவ?"

மங்கலம் என்பாள், பொங்கலூர் என்பாள், பெரியம்மா வீடு என்பாள் என்று எதிர்பார்த்தேன். எது சொன்னாலும் நம்புவதென்று தயாராக இருந்தேன்.

மலர் டம்ளரை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"வேற ஆர் கேட்டாலும் ஒரு ஊர்ப் பேரைச் சொல்லி அனுப்பிப்போடுவன் அண்ணை. உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதால சொல்ல மாட்டன்."